நினைவஞ்சலிப் போஸ்டரில் இரண்டு பெயர்

மொச்சை,

நீ பிறந்தபோது உன் முகம் உருண்டையாக, வெளுத்து, ஊறவைத்து உரித்த மொச்சைக்கொட்டை மாதிரி இருந்தது. அதனால் வந்த பெயர். இருபத்தாறு வயதில் கடைத்தெருவில் நான் அப்படிக் கூப்பிட்டால் உனக்கு முகம் சிவந்துவிடும். "கஸ்டமர் இருக்காங்கம்மா, வினோத்னு கூப்பிடும்மா" என்பாய். இப்போது வினோத் என்கிற பெயர் போலீஸ் தாளில் இருக்கிறது, கோர்ட்டுத் தாளில் இருக்கிறது, செய்தித்தாளில் இருக்கிறது, இறப்புச் சான்றிதழில் இருக்கிறது. அத்தனை பேர் கை பட்ட பெயரை நான் ஏன் கூப்பிட வேண்டும்? மொச்சை மட்டும்தான் யார் கையும் படாமல் என்னிடம் மிச்சம் இருக்கிறது.

நாளைக்கு உன் முதல் வருஷ நினைவு நாள். போஸ்டர் அச்சாகி வந்துவிட்டது, கட்டு என் பக்கத்தில்தான் இருக்கிறது. அதை ஒட்டுவதற்கு முன்னால் உனக்கு எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். ஐந்தாம் வகுப்புப் படித்தவள் எழுத்துக்கூட்டி எழுதுகிறேன். உன் கேஸைப் பார்த்த வக்கீலம்மா பிழை திருத்தித் தருகிறேன் என்றிருக்கிறார். நாலு பேர் படிக்கட்டும் என்றும் சொன்னார். படிக்கட்டும். படிக்க வேண்டியவன் நீ, முதலில் நீ படி. உன்னிடம் கேட்க ஒன்று இருக்கிறது. அதைக் கடைசியில் கேட்கிறேன். அதற்கு முன்னால், நான் உன்னிடம் மறைத்ததைச் சொல்ல வேண்டும்.

உன் அப்பா இருந்த காலத்தில் ஆறு மா நிலம் குத்தகைக்குப் பிடித்து சம்பா வைத்தோமே, உனக்கு அப்போது ஏழு வயது. புரட்டாசியிலேயே மழை கொட்டி, நாற்றங்கால் மூன்று நாள் தண்ணீருக்குள் கிடந்து அழுகிப்போனது. உன் அப்பா வரப்பில் உட்கார்ந்துவிட்டார். நான்தான் நடவுக்குப் போகிற வீடு வீடாகப் போய்க் கேட்டேன். நட்டது போக மிஞ்சிய நாற்றைக் கட்டுக் கட்டாக முடிந்து, ஒருவர் நாற்பது முடி கொடுத்தார், ஒருவர் பதினைந்து முடி கொடுத்தார், இப்படி ஐந்து வீட்டு நாற்று சேர்ந்து நம் வயல் பச்சையாயிற்று. உன் அப்பா ஒன்றில் மட்டும் கறாராக இருந்தார். ஒரே ரகமா என்று ஒவ்வொரு முடியாகப் பிரித்துப் பார்த்தார், வேறு ரகம் கலந்தால் ஒன்று முன்னால் முற்றும், ஒன்று பின்னால் முற்றும். கொடுத்த யாரும் அதைத் திருப்பிக் கேட்கவில்லை. அடுத்த வருஷம் நம்மிடம் மிஞ்சினால், வேறு யார் கேட்டாலும் இல்லை என்று சொல்லக்கூடாது. அவ்வளவுதான் வழக்கம். கீழத்தெருக்காரர் ஒருவர் கேட்டு வந்தபோது நீயே இரண்டு முடியைத் தலையில் சுமந்துகொண்டு போய்க் கொடுத்தாய். சேறு வழிந்து கண்ணை மூடிக்கொண்டு நடந்தாய்.

நீ கம்ப்யூட்டர் கடை போட்ட புதிதில், "எங்கேர்ந்துடா இதெல்லாம் வருது?" என்று நான் கேட்டதற்கு நீ இந்தக் கதையைத்தான் திருப்பிச் சொன்னாய்.

"நம்ம நாத்து அழுவிப்போன வருஷம் ஞாபகம் இருக்காம்மா? அஞ்சு வீட்ல வாங்குனோம்ல? இதுவும் அப்படித்தான். டோரண்ட்னு பேரு. இந்த சாப்ட்வேர் ஒரே எடத்துலேர்ந்து வராது. ஒலகத்துல யார் யார்ட்டல்லாம் இருக்கோ அவங்கவங்க ஆளுக்கு ஒரு துண்டு தருவாங்க. நம்மகிட்ட வந்து சேர்ந்ததும் நாமளும் அடுத்தவனுக்குத் தரணும். வர்ற துண்டு சரியான துண்டுதானான்னு மிஷினே பாத்துக்கும், அப்பா முடியப் பிரிச்சுப் பாத்த மாதிரி."

"எழுதுனவன் சும்மாவா குடுக்குறான்?"

"குடுக்குறாம்மா. எடுத்துக்க, நகல் போடு, திருத்து, அடுத்தவனுக்குக் குடுன்னு எழுதியே வச்சிருக்கான்."

எனக்கு அன்றைக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா? வயலில் நாற்று வாங்கியவள் பிள்ளை உலகத்தோடு கொடுத்து வாங்குகிறானே என்று. அந்தப் பெருமைதான் உன்னைக் கொன்றது. அவசரப்படாதே, சொல்கிறேன்.

தீபாவளிக்கு வந்த புதுப் படத்தை அந்த டோரண்டில் இறக்கித் தரச் சொன்னேன். நீ முடியாது என்றாய். எனக்குக் கோபம். "ஊருக்கெல்லாம் எறக்கிக் குடுக்குற, பெத்தவ கேட்டா ஆவாதா? பெரிய அரிச்சந்திரன் பேரன்" என்று ஏசினேன். நீ சிரித்துக்கொண்டே சொன்னாய்: "ரோடு ஒண்ணுதாம்மா. அதுல நெல்லு வண்டியும் போவும், திருட்டு மணல் லாரியும் போவும். அதுக்காக ரோட்டையா குத்தம் சொல்ல முடியும்? படம் எடுத்தவன் குடுன்னு சொல்லல. இவன் குடுன்னு சொல்லிருக்கான். அவ்ளோதான் வித்தியாசம்." மறுநாள் என்னை பஸ்ஸில் கூட்டிப்போய் கொட்டகையில் டிக்கெட் எடுத்து அந்தப் படத்தைக் காட்டினாய். படம் சுமார்தான். இடைவேளையில் வாங்கிக் கொடுத்த பப்ஸ்தான் நன்றாக இருந்தது.

இனி அவன். மதியழகன். உன் கடைக்கு நாலு கடை தள்ளி, கண்ணாடிக் கதவு போட்ட கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருப்பவன். பன்னிரண்டு மிஷின். அத்தனையிலும் பூட்டு உடைத்த சாப்ட்வேர்தான் ஓடுகிறது என்று நீதான் என்னிடம் சொன்னாய். உன்னிடம் வந்த வாத்தியார்கள், ஜெராக்ஸ் கடைக்காரர்கள், காலேஜ் பிள்ளைகள் எல்லோருக்கும் நீ, எழுதியவனே எடுத்துக்கொள் என்று கொடுத்த லினக்ஸைப் போட்டுக் கொடுத்து, தமிழில் அடிக்கவும் சொல்லிக்கொடுத்தாய். அவன் கடைக்குப் போகிற கால்கள் குறைந்தன. "ஒரு நாள் அவன் ஒன்னப் போட்டுக் குடுப்பான், நீ முந்திக்கடா" என்றேன். "அவரும் கடை வச்சுப் பொழைக்கிறவருதானம்மா, விடு" என்றாய். விட்டாய். அவன் விடவில்லை.

போலீஸ் வந்த அன்று நீ மயிலாடுதுறையில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு மிஷின் சரிபண்ணப் போயிருந்தாய். கடையில் நான் இருந்தேன். இரண்டு பேர் வந்தார்கள். மரியாதையாகத்தான் பேசினார்கள். நான் எதிர்க் கடையில் டீ சொல்லி வாங்கிக் கொடுத்தேன். மதியழகன் அவன் கடை வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். ஏன் நிற்கிறான் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

"இதெல்லாம் ஒங்க பையன் எங்கேர்ந்தும்மா கொண்டுவராரு?" என்று எழுதுகிற போலீஸ்காரர் கேட்டார்.

மொச்சை, என் வாயை நான் அன்றைக்குத் தைத்துக்கொண்டிருக்க வேண்டும். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன்: "ஒலகத்துல எத்தனையோ பேருகிட்டேர்ந்து துண்டு துண்டா எறக்குவான் சார். ஒருத்தருக்கும் காசு குடுக்கறதில்ல. எறக்கி ஊருக்கெல்லாம் குடுப்பான். ஒங்களுக்கு வேணும்னாலும் போட்டுத் தருவான்." உன்னைப் பாராட்டப் போகிறார்கள் என்று நினைத்தேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே எழுதினார். எழுதினவன் அனுமதி கொடுத்திருக்கிறான் என்கிற ஒரு பேச்சு, நீ எனக்கு விளக்கிச் சொன்ன பேச்சு, அந்த நேரத்தில் என் வாயில் வரவில்லை. இலவசம் என்பதுதான் எனக்குப் பெரிய விஷயமாக இருந்தது. அனுமதி என்பதுதான் சட்டத்துக்குப் பெரிய விஷயம் என்று எனக்கு யார் சொன்னார்கள்? நீ சொன்னாய். நான் பப்ஸைத்தான் ஞாபகம் வைத்துக்கொண்டேன்.

எடுத்துப்போகிற சாமான்களின் பட்டியல், மகஜர் என்று சொல்லி, இரண்டு மூன்று தாளை நீட்டினார்கள். கையெழுத்துப் போட்டேன். கைநாட்டு வைக்காதே என்று நீ ஒரு மாதம் உட்கார வைத்துப் பழக்கிய கையெழுத்து. இனிஷியலுக்குக் கீழே ஒரு கோடு இழுத்து, இரண்டு புள்ளி வைக்கிற கையெழுத்து. "கையெழுத்து அழகா இருக்கேம்மா" என்றார் அந்தப் போலீஸ்காரர். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தேன்.

நீ திரும்பி வந்து காலியான மேஜையைப் பார்த்தாய். "ஒன்ன ஏதாவது கேட்டாங்களாம்மா?" என்றாய். "ஒண்ணும் கேக்கல" என்றேன். அந்த ஒரு பொய்தான் நான் உன்னிடம் மறைத்தது. மறுநாள் உன்னைக் கூட்டிப்போனார்கள். நாலு நாள் உள்ளே வைத்தார்கள். திருட்டு சாப்ட்வேர் விற்ற வாலிபர் கைது என்று பேப்பரில் போட்டார்கள். அந்தச் செய்தியை வெட்டி மதியழகன் அவன் கண்ணாடிக் கதவில் உள்பக்கமாக ஒட்டி வைத்தான், வெளியே நடக்கிறவர்கள் படிக்கும்படி. நீ ஜாமீனில் வந்து அந்தக் கதவைத் தாண்டித்தான் போனாய். திரும்பிப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். எந்த உயரத்தில் ஒட்டியிருக்கிறான், எத்தனை துண்டு டேப் போட்டிருக்கிறான் என்று எல்லாம் பார்த்து வைத்துக்கொண்டேன்.

தினமும் காலை பத்து மணிக்கு ஸ்டேஷனில் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்பது ஜாமீன் நிபந்தனை. பதினெட்டு நாள் போனாய். பத்தொன்பதாம் நாள் வெண்ணாற்றுப் பாலத்துக்கு இந்தப் பக்கம் மணல் லாரி வந்தது. அதற்கு மேல் அந்த நாளைப் பற்றி நான் எழுத மாட்டேன்.

காரியம் முடிந்து ஒரு மாதம் கழித்து வக்கீலம்மாவிடம் போனேன். எதிரி, அதாவது நீ, இறந்துவிட்டதால் வழக்கு அற்றுப்போனது என்று தாள் வந்திருந்தது.

"அப்ப என் புள்ள திருடன் இல்லன்னு சொல்லிட்டாங்களா?" என்று கேட்டேன்.

"இல்லம்மா. ஒண்ணுமே சொல்லல. இனிமே சொல்லவும் மாட்டாங்க."

"செத்தா கேஸ் போயிடும், பேரு போவாதா?"

அவர் மேஜை மேலிருந்த கட்டை இழுத்துப் பிரித்தார். பாவம், உன்னைவிட இரண்டு வயதுதான் மூத்தவர். அன்றைக்குத்தான் அவர் போலீஸ் தாள்களை எனக்குப் படித்துக் காட்டினார். அதில் நான் இருந்தேன். 'மேற்படி நபரின் தாயார், தன் மகன் யாருக்கும் பணம் செலுத்தாமல் பலரிடமிருந்து மென்பொருள்களை இறக்கிப் பொதுமக்களுக்கு விநியோகித்து வந்ததாகத் தெரிவித்தார்.' கீழே என் கையெழுத்து. கோடும் இரண்டு புள்ளியும். வக்கீலம்மா சொன்னார், வெறும் புகாரை வைத்து உன்னை உள்ளே தள்ளியிருக்க முடியாதாம். அந்தத் தாளைத்தான் முட்டுக்கொடுத்து நிறுத்தினார்களாம். போலீஸிடம் சொல்கிற வாக்குமூலத்தில் கையெழுத்தே வாங்கக்கூடாதாம். டோரண்டில் இறக்குவது குற்றம் என்று சட்டத்தில் எங்கும் இல்லையாம். எதை இறக்கினோம், எழுதியவர் சம்மதம் இருக்கிறதா என்பதுதான் கேள்வியாம். எல்லாம் நீ சொன்னதுதான். சட்டப்புத்தகத்தில் இருப்பதை நீ ஒரு வரியில் எனக்குச் சொல்லியிருந்தாய்.

நான் விடவில்லை. உன் மிஷினைத் திருப்பிக் கேட்டு மனுப் போட்டோம். மிஷினை ஆராய்ந்த அறிக்கையின் நகலும் கேட்டோம். எட்டு மாதம் அலைந்தேன். நடவுக்குப் போகாத நாளெல்லாம் கோர்ட்டு வாசல்தான். ஒரு நாள் வாங்கினேன். 'பரிசோதிக்கப்பட்ட கணினியில் உரிமம் மீறப்பட்ட மென்பொருளோ திரைப்படமோ காணப்படவில்லை. காணப்பட்டவை யாவும் நகலெடுக்கவும் பகிரவும் உரிமம் அளிக்கப்பட்டவை.' இந்த இரண்டு வரியும் எனக்கு மனப்பாடம். நாற்று பறிக்கும்போது சொல்லிக்கொண்டே பறிக்கிறேன். பக்கத்தில் பறிக்கிறவள், "என்னக்கா, புதுசா ஏதாவது மந்திரமா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

அச்சகம் வைத்திருக்கும் பாஸ்கரிடம் போனேன். உன் படம், தோற்றம், மறைவு எல்லாம் சரி. கீழே கவிதைக்குப் பதில் இந்த இரண்டு வரியைப் போடு என்றேன்.

"அக்கா, நினைவஞ்சலியில கோர்ட்டு வாசகமெல்லாம் யாரும் போட மாட்டாங்கக்கா. 'மலர்ந்த முகமே மறைந்ததேனோ', அந்த மாதிரி..."

"முகம் ஏன் மறைஞ்சுதுன்னு எனக்குத் தெரியும். நான் சொல்றதப் போடு."

"சரிக்கா. 'வருந்துவோர்' பேருங்க சொல்லுங்க. மாமன், மச்சான், நண்பர்கள், ஒருத்தர் வுட்டாலும் சண்டைக்கு வருவாங்க."

"ரெண்டே பேருதான். எழுதிக்க. புகார் கொடுத்தவர்: மதியழகன். அதுக்குக் கீழ, கையெழுத்துப் போட்டவர்: அம்மா."

பாஸ்கர் பேனாவை வைத்துவிட்டான். முதலில் நான் 'கொன்றவர்' என்றுதான் போட நினைத்தேன். வக்கீலம்மாதான் தடுத்தார். "அப்படிப் போட்டா அவர் ஒங்க மேல கேஸ் போடுவாரும்மா. 'புகார் கொடுத்தவர்'னு போடுங்க. அது ஆவணத்துல இருக்கு, யாரும் ஒண்ணும் பண்ண முடியாது" என்றார். சட்டப்படியே செய்கிறேன். அவனும் அப்படித்தானே செய்தான்.

அச்சகத்திலிருந்து சேதி அவனுக்குப் போயிருக்கிறது. நேற்று மத்தியானம் வீட்டுக்கு வந்தான். வா என்று சொல்லவில்லை. வாசலிலேயே நின்றான்.

"அக்கா, எனக்குச் சந்தேகம் வந்துச்சு, புகார் குடுத்தேன். விசாரிச்சது அவங்க. லாரிய நானா ஓட்டுனேன்?"

"நீ ஓட்டல. ரோட்டுல கொண்டுபோய் நிறுத்துன."

"பொண்ணுக்கு ஆவணியில நிச்சயம் வச்சிருக்கேன்க்கா. மாப்ள வீட்டுக்காரங்க கடைத்தெரு வழியாத்தான் வரணும்."

"படிக்கத் தெரிஞ்சவங்கதான?"

அவன் கண் கலங்கியது. என் மனசு கலங்கவில்லை மொச்சை. உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன், எனக்குக் குளிர்ந்தது. "ஒன் சென்டர்ல இப்ப என்ன ஓடுது?" என்று கேட்டேன். எனக்குத் தெரியும். அவனிடம் படிக்கிற பெண் ஒருத்தி நம் தெருவில் இருக்கிறாள். நீ இறந்த மாதமே அவன் பயந்து, பன்னிரண்டு மிஷினிலும் பூட்டு உடைத்ததை அழித்துவிட்டு, நீ போட்டுக் கொடுத்த அதே லினக்ஸைப் போட்டுவிட்டான். எதற்காக உன்னைத் திருடன் என்றானோ, அதை வைத்துத்தான் இப்போது பிழைக்கிறான்.

"என் பேர மட்டும் எடுத்துடுங்கக்கா. கதவுல ஒட்டுனத எப்பவோ கிழிச்சிட்டேன்."

"நீ ஒட்டுனது அவன் பாத்தான். நீ கிழிச்சது அவன் பாக்கலியே. ஒன் பேருக்கு அடியிலதான் என் பேரும் இருக்கு. ஒன்ன எடுத்தா என்னையும் எடுக்கணும். எடுக்க மாட்டேன். வருஷா வருஷம் அடிப்பேன். எனக்கப்புறமும் அடிக்கச் சொல்லிப் பாஸ்கர்கிட்ட சொல்லிருக்கேன்."

போய்விட்டான். நாளைக் காலையில் முதல் போஸ்டர் அவன் கண்ணாடிக் கதவுக்கு நேர் எதிர்ச் சுவரில். அவன் செய்தியை ஒட்டிய அதே உயரத்தில். பசை நானே காய்ச்சி வைத்திருக்கிறேன்.

இந்த மாதிரிக் கடிதத்தில் பிள்ளைக்குப் புத்தி சொல்வார்கள். உனக்குச் சொல்ல ஒன்றுமில்லை, நீ சரியாகத்தான் இருந்தாய். உன்னைப் போல கடை வைத்திருக்கும் பிள்ளைகள் இதைப் படித்தால் அவர்களுக்குச் சொல்கிறேன். இலவசமாகக் கிடைப்பதெல்லாம் பகிரக்கூடியது இல்லை. எழுதியவன் என்ன சொல்லியிருக்கிறான் என்று படித்துப் பாருங்கள். அந்த உரிமத்தைத் தமிழில் எழுதி, கடைச் சுவரில் மாட்டுங்கள். அதைவிட முக்கியம், வீட்டில் இருக்கிற அம்மாவை உட்கார வைத்து, யாராவது வந்து கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று சொல்லிக்கொடுங்கள். கையெழுத்துப் போடப் பழக்கினால் மட்டும் போதாது. எதில் போடக்கூடாது என்றும் பழக்குங்கள்.

இப்போது கேட்கிறேன். ஆஸ்பத்திரியில் உன் தோள்பையைக் கொடுத்தார்கள். அதில் அந்தப் போலீஸ் தாள்களின் நகல் இருந்தது. முந்தின நாள் சாயந்திரம்தான் வக்கீலம்மா உன்னிடம் கொடுத்தாராம், சிவப்பு நாடா போட்டுக் கட்டி. என்னிடம் வந்தபோது நாடா அவிழ்ந்திருந்தது. அறுந்திருக்கவில்லை, முடிச்சு அவிழ்த்திருந்தது. மேலே இருந்தது நான் கையெழுத்துப் போட்ட தாள், அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அப்போது நான் படிக்கவில்லை. ஆஸ்பத்திரியில் யாராவது பிரித்திருக்கலாம். போலீஸ்காரர்கள் பிரித்திருக்கலாம். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். ஆனால் அன்றைக்குக் காலையில் நீ இரண்டு தோசைக்கு மேல் வேண்டாம் என்று எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, என்றைக்கும் இல்லாமல் திரும்பி வந்து என் தலையில் கை வைத்தாய். "நீ எதையும் போட்டு மனசக் கொழப்பிக்காதம்மா" என்றாய். வண்டியை எடுத்துக்கொண்டு போனாய்.

படித்துவிட்டுத்தான் அப்படிச் சொன்னாயா, மொச்சை?